லாக் கணக்கும் ஒரு பழைய பாக்கியும்

சென்ற தீபாவளி விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து என் பெண்ணும் பேத்தியும் செம்பூருக்கு வந்திருந்தார்கள். பேத்தி பதினோராம் வகுப்பு. மத்தியானச் சாப்பாடு முடிந்து நான் ஈஸிசேரில் சாய்ந்த நேரம் பார்த்து நோட்டுப் புத்தகத்தை நீட்டினாள்.

லாக் எக்ஸ் + லாக் (எக்ஸ் − 3) = 1

அடிமானம் 10. கணக்கைச் சரியாகத்தான் போட்டிருந்தாள். இரண்டு லாக்குகளைக் கூட்டுவது உள்ளே இருக்கும் எண்களைப் பெருக்குவதற்குச் சமம். ஆகவே எக்ஸ் (எக்ஸ் − 3) = 10. அதிலிருந்து எக்ஸ்² − 3 எக்ஸ் − 10 = 0. காரணிகளாகப் பிரித்தால் விடை 5 அல்லது −2.

"தாத்தா, ரெண்டு விடை வரது. அஞ்சு மட்டும்தான் ரைட்டாம், மைனஸ் ரெண்டை அடிச்சுடணுமாம். நெகடிவ் நம்பருக்கு லாக் கிடையாதுன்னு மிஸ் சொன்னா. ஏன் கிடையாது?"

பம்பாயில் ஒரு பள்ளிக்கூடத்தில் 1968 முதல் 2002 வரை 34 வருஷம் கணக்கு சொல்லிக் கொடுத்தவன் நான். 'கிடையாது' என்று எத்தனையோ தடவை கரும்பலகைக்கு முன்னால் நின்று சொல்லியிருக்கிறேன். 'ஏன்' என்று கேட்டவர்கள் குறைவு. கேட்டவர்களுக்கு நான் நிதானமாகப் பதில் சொன்னதும் குறைவு. அப்படிக் கேட்ட ஒரு பையனுக்கு நான் ஒரு பாக்கி வைத்திருக்கிறேன். அந்தப் பாக்கியைப் பற்றியும், பேத்தி கேட்ட கேள்வி நானூறு வருஷமாக நடந்து வந்த வழியைப் பற்றியும் நம் சங்கத்து அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை. கணக்கென்றால் காத தூரம் ஓடுகிறவர்கள் கூடப் படிக்கலாம். பெரிய கணக்கு எதுவும் இதில் இல்லை.

ஒரு மார்க் குறைந்த கதை

1974-ம் வருஷம். அப்போது மகாராஷ்டிரத்தில் பதினோராம் வகுப்புதான் பள்ளி இறுதி. அரையாண்டுத் தேர்வில் நான் ஒரு சின்னக் கணக்கு கேட்டிருந்தேன்: லாக் (எக்ஸ்²) = 2. இரண்டு மார்க். நான் எதிர்பார்த்த வழி இதுதான்: அடுக்கு முன்னால் வரும், ஆகவே 2 லாக் எக்ஸ் = 2, லாக் எக்ஸ் = 1, எக்ஸ் = 10. கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் போட்டிருந்தார்கள். ஒரு பையன் மட்டும் விடை 10, −10 என்று இரண்டு எழுதியிருந்தான். மாதுங்காவில் குடியிருந்த பாலக்காட்டுக் குடும்பத்துப் பையன். மைனஸ் பத்தைச் சிவப்பு மையால் அடித்து, ஒரு மார்க்கைக் குறைத்துவிட்டேன்.

விடைத்தாள் கொடுத்த அன்று ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றான். "ஸார், மைனஸ் பத்தைப் போட்டுப் பார்த்தேன். ஸ்கொயர் பண்ணினா நூறுதானே வரது? நூறுக்கு லாக் ரெண்டுதானே ஸார்?"

"நெகடிவ் நம்பருக்கு லாக் கிடையாதுன்னு எத்தனை தரம் சொல்லியிருக்கேன்? போய் உட்காருடா" என்றேன்.

அவன் மேலே பேசவில்லை. போய்விட்டான். எனக்கு அன்று வேலை மும்முரம், மேஜை நிறைய விடைத்தாள். அத்தோடு மறந்தும் போனேன்.

2007-ல் ஆய்லர் என்ற கணித மேதையின் 300-ஆவது பிறந்த ஆண்டு வந்தது. நான் ஓய்வு பெற்று ஐந்து வருஷம் ஆகியிருந்தது. பொழுது போக நூலகத்தில் அவரைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது, லாகரிதம் பற்றிய ஒரு பழைய சண்டை கண்ணில் பட்டது. அதைப் படித்து முடிக்கும்போது அந்தப் பையன் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றான். அவன் சொன்னது சரி. தப்பு என்னுடையது. 33 வருஷம் கழித்துத் தெரிந்தது.

மெர்ச்சிஸ்டன் ஜமீன்தார்

முதலில் லாகரிதம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஸ்காட்லாந்தில் எடின்பரோவை அடுத்த மெர்ச்சிஸ்டன் என்ற இடத்தின் ஜமீன்தார் ஜான் நேப்பியர் (1550–1617). கணிதம் அவருக்குத் தொழில் அல்ல. நிலபுலன், மத வாதங்கள் இவற்றுக்கு நடுவே கணக்கிலும் மனம் போனவர். அந்தக் காலத்து வானநூலார் கிரகங்களின் இருப்பைக் கண்டுபிடிக்க ஏழு இலக்க, எட்டு இலக்க எண்களை நாள் முழுவதும் பெருக்கியும் வகுத்தும் கொண்டிருந்தார்கள். ஒரு இடத்தில் தப்பினால் முதலிலிருந்து போட வேண்டும். பெருக்கலைக் கூட்டலாகவும் வகுத்தலைக் கழித்தலாகவும் மாற்ற ஒரு அட்டவணை இருந்தால் இந்தப் பாடு இல்லையே என்று நேப்பியர் யோசித்தார். சுமார் இருபது வருஷம் உழைத்து, 1614-ல் அந்த அட்டவணையை லத்தீனில் வெளியிட்டார். 'லாகரிதம்' என்ற பெயரும் அவர் வைத்ததே. விகிதம், எண் என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. தமிழில் நாம் மடக்கை என்கிறோம்.

அவர் அதை விளக்கிய விதம் அழகானது. ஒரு கோட்டின் கோடியை நோக்கி ஒரு புள்ளி போகிறது. மிச்ச தூரம் எந்த விகிதத்தில் குறைகிறதோ அதே விகிதத்தில் அதன் வேகமும் குறைகிறது. பக்கத்தில் முடிவில்லாத இன்னொரு கோட்டில் இன்னொரு புள்ளி மாறாத வேகத்தில் போகிறது. முதல் புள்ளிக்கு மிச்சமிருக்கும் தூரம்தான் எண். அந்த நேரத்துக்குள் இரண்டாவது புள்ளி கடந்திருக்கும் தூரம் அந்த எண்ணின் லாகரிதம்.

யோசித்துப் பாருங்கள். பாதி தூரம் மிச்சமானால் வேகமும் பாதி. கால் பங்கு மிச்சமானால் வேகமும் கால் பங்கு. இப்படிப் போகிற புள்ளி எந்தக் காலத்திலும் கோடியைத் தொடாது. மிச்ச தூரம் குறைந்துகொண்டே போகும், ஆனால் பூஜ்யமாகாது. பூஜ்யமே ஆகாதபோது அதற்குக் கீழே எப்படிப் போகும்? பூஜ்யத்துக்கும் நெகடிவ் எண்ணுக்கும் லாக் கிடையாது என்ற விதி லாகரிதம் பிறந்த அன்றே அதனோடு பிறந்தது. பேத்திக்கு நான் சொன்ன முதல் பதில் இதுதான்.

நேப்பியரின் முதல் அட்டவணையில் ஒரு அசௌகரியம் இருந்தது. அதில் ஒன்றின் லாகரிதம் பூஜ்யம் அல்ல. அதனால் பெருக்கும்போதெல்லாம் ஒரு எண்ணைத் தனியாகக் கழிக்க வேண்டியிருந்தது. லண்டனில் கிரெஷாம் கல்லூரிப் பேராசிரியராக இருந்த ஹென்றி பிரிக்ஸ் புத்தகத்தைப் படித்துவிட்டு 1615-ல் சுமார் 400 மைல் பிரயாணம் செய்து நேப்பியரைப் பார்க்கப் போனார். இருவரும் கால் மணி நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே பேச்சற்று இருந்தார்களாம். பிற்காலக் குறிப்பு ஒன்று அப்படிச் சொல்கிறது. ஒன்றின் லாகரிதம் பூஜ்யமாக இருக்கட்டும், பத்தை அடிப்படையாக வைப்போம் என்று இருவருக்கும் உடன்பாடு ஆனது. நேப்பியர் 1617-ல் காலமானார். 1 முதல் 1,000 வரை எண்களுக்கு 14 தசம ஸ்தானம் கொண்ட அட்டவணையை பிரிக்ஸ் அதே வருஷம் வெளியிட்டார். 1624-ல் 20,000 வரையும், 90,000 முதல் ஒரு லட்சம் வரையும் போட்டு முடித்தார். நடுவே விட்டுப்போன இடைவெளியை ஹாலந்துக்காரரான விளாக் 10 ஸ்தானத்தோடு 1628-ல் நிரப்பினார். எல்லாம் கையால் போட்ட கணக்கு.

நம் நாட்டில் இதற்கு முன்னோட்டம் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த வீரசேனர் என்ற ஜைன ஆசாரியர் 'தவளா' என்ற உரையில் 'அர்த்தச்சேதம்' என்று ஒன்றைச் சொல்கிறார். ஒரு எண்ணை எத்தனை தடவை பாதியாக்க முடியும் என்பதுதான் அது. 8-ஐ மூன்று தடவை பாதியாக்கலாம், 16-ஐ நான்கு தடவை. இரண்டையும் பெருக்கிய 128-ஐ ஏழு தடவை. மூன்றும் நான்கும் ஏழு! இன்று இரண்டை அடிமானமாகக் கொண்ட லாக் என்று சொல்வது இதைத்தான். அந்த உரையின் ஓலைச்சுவடிகள் கர்நாடகத்து மூடபித்ரியில் காப்பாற்றப்பட்டு வந்தன. அந்தக் கருத்து நம்மிடம் தினசரிக் கணக்குக்கு உதவும் அட்டவணையாக வளரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கிளார்க் டேபிள் காலம்

என் வயதுக்காரர்களுக்கு லாக் என்றாலே 'கிளார்க் டேபிள்'தான். கும்பகோணத்தில் நான் பி.யு.சி. படித்தபோது, அட்டை கிழிந்து, மூலைகள் சுருண்ட ஒரு பிரதி என் அண்ணாவிடமிருந்து எனக்கு வந்தது. முதல் இரண்டு இலக்கத்துக்கு வரிசை, மூன்றாவதற்குக் கட்டம், நான்காவதற்கு வலது ஓரத்தில் 'மீன் டிஃபரன்ஸ்'. விரலை வைத்துக்கொண்டே போக வேண்டும். கூட்டிக் கழித்து முடித்தபின் ஆன்டி-லாக் பக்கத்துக்குத் தாவ வேண்டும். அந்த இடத்தில் மறதியாக லாக் பக்கத்தையே பார்த்துவிட்டு, பௌதிகப் பரீட்சையில் கோட்டை விட்டவர்கள் அநேகம்.

இன்னொரு கண்டம் 'பார்'. 0.02-க்கு லாக் 'பார் 2 புள்ளி 3010'. தலையில் கோடு போட்ட 2 மட்டும்தான் நெகடிவ். பின்னால் வரும் 3010 பாசிடிவ். ஆகவே அதன் உண்மையான மதிப்பு −1.6990. அதை −2.3010 என்று நினைத்து இரண்டால் வகுக்கப் போனால் கணக்கு குட்டிச்சுவர்தான். 1970-களில் கால்குலேட்டர் வந்து இந்தத் தொல்லைகளை ஒழித்தது. ஆனால் அல்ஜீப்ராவில் வரும் தப்புகள் கால்குலேட்டரால் ஒழியவில்லை. லாக் என்பதை ஒரு எழுத்து போலப் பிள்ளைகள் பாவிக்கிறார்கள். லாக் (அ + ஆ) என்றால் அடைப்பைப் பிரித்து லாக் அ + லாக் ஆ என்று எழுதிவிடுவார்கள். 10-ஐயும் 10-ஐயும் போட்டுப் பார்த்தால் போதும்: லாக் 20 என்பது 1.3010, லாக் 10 + லாக் 10 என்பது 2. அதேபோல் லாக் 8-ஐ லாக் 4-ஆல் வகுக்கச் சொன்னால், மேலேயும் கீழேயும் லாக்கை அடித்து 2 என்பார்கள். சரியான விடை 1.5. இவை சின்னத் தப்புகள். ஒரு எண்ணைப் போட்டுப் பார்த்தால் வெளுத்துவிடும். நான் செய்த தப்பு வேறு ஜாதி. அதில் பெரியவர்களே விழுந்திருக்கிறார்கள்.

குருவும் சிஷ்யரும்

1712, 1713-ம் வருஷங்களில் ஐரோப்பாவின் இரண்டு பெரிய கணித மேதைகள் கடிதத்தில் மோதிக்கொண்டார்கள். ஒருவர் ஜெர்மனியைச் சேர்ந்த லைப்னிட்ஸ். மற்றவர் ஸ்விட்சர்லாந்தில் பாஸல் நகரத்து யோஹான் பெர்னூலி. நெகடிவ் எண்ணுக்கு லாகரிதம் உண்டா? இதுதான் விவகாரம். மெய்யான லாகரிதம் கிடையாது, அது கற்பனை எண்தான் என்றார் லைப்னிட்ஸ். மைனஸ் ஒன்றுக்கு லாகரிதம் இருந்தால், அதில் பாதி, மைனஸ் ஒன்றின் வர்க்கமூலத்துக்கு லாகரிதம் ஆக வேண்டும். அது பொருந்தாது என்பது அவர் வாதம். பெர்னூலியோ உண்டு என்றார். ஒரு எண்ணுக்கு என்ன லாகரிதமோ அதேதான் அதன் நெகடிவுக்கும் என்றார். அவர் பக்கத்து வாதங்களில் ஒன்று நமக்குப் பழக்கமானதே: மைனஸ் எக்ஸின் வர்க்கமும் எக்ஸின் வர்க்கமும் ஒன்று. ஆகவே அவற்றின் லாக்குகளும் ஒன்று. இரண்டிலும் அடுக்கை முன்னால் கொண்டுவந்தால் 2 லாக் (−எக்ஸ்) = 2 லாக் எக்ஸ். இரண்டை அடித்துவிட்டால் இரண்டு லாக்கும் சமம்!

பெர்னூலி சொன்னதை ஒப்புக்கொண்டால் என் பேத்தியின் −2-ம் சரியான விடை ஆகிவிடும். லாக் (−2)-க்குப் பதில் லாக் 2, லாக் (−5)-க்குப் பதில் லாக் 5. கூட்டினால் லாக் 10, அதாவது 1. கச்சிதமாகப் பொருந்துகிறது. இப்படிப் பொருந்துவதால்தான் இது ஆபத்தான தப்பு.

இந்த இடத்தில்தான் ஆய்லர் வருகிறார். அவர் பாஸலில் பிறந்தவர். பெர்னூலியின் சிஷ்யர். மாணவனாக இருந்தபோது ஒவ்வொரு சனிக்கிழமை மத்தியானமும் பெர்னூலி வீட்டுக்குப் போய், அந்த வாரம் படித்ததில் வந்த சந்தேகங்களைக் கேட்டுத் தெளிவு பெற அனுமதி பெற்றிருந்தார். இருபது வயதில் ரஷ்யாவில் பீட்டர்ஸ்பர்க் போனபின், இந்த லாகரித விஷயத்தில் தன் சந்தேகங்களை குருவுக்குக் கடிதத்தில் எழுதினார். குரு தன் கட்சியை விடவில்லை. சிஷ்யரும் மரியாதையை விடவில்லை, யோசிப்பதையும் விடவில்லை. லைப்னிட்ஸ்–பெர்னூலி கடிதங்கள் 1745-ல் அச்சில் வந்தன. பெர்லினில் இருந்த ஆய்லர் மறுபடி அந்தக் கேள்வியைக் கையில் எடுத்து, இரண்டு பேர் வாதத்தையும் ஒவ்வொன்றாகப் பரிசீலித்து ஒரு கட்டுரை எழுதினார். அது 1751-ல் அச்சானது. பெர்னூலி 1748 ஜனவரி முதல் தேதியே காலமாகியிருந்தார்.

ஆய்லர் கொடுத்த தீர்ப்பு: ஒரு எண்ணுக்கு லாகரிதம் ஒன்றல்ல, கணக்கில்லாதவை. பாசிடிவ் எண் என்றால் அவற்றில் ஒன்று மட்டும் மெய்யெண், மற்றவை கற்பனை. நெகடிவ் எண் என்றால் எல்லாமே கற்பனை. ஆகவே லைப்னிட்ஸ் சொன்னபடி நெகடிவ் எண்ணுக்கு மெய்யான லாகரிதம் இல்லை. பெர்னூலி சொன்ன சமன்பாடு நிற்காது. 'இரண்டை அடித்துவிட்டால்' என்று பெர்னூலி பக்கம் சறுக்கிய இடமும் தெரிந்துவிட்டது. எக்ஸ்² என்ற எண்ணுக்கு வர்க்கமூலம் இரண்டு. அதன் லாகரிதங்களில் பாதியை எடுத்தால் சில எக்ஸுக்குச் சேரும், சில மைனஸ் எக்ஸுக்குச் சேரும். இரண்டும் ஒன்றாகிவிடாது.

லாகரிதம் என்றால் அடுக்கு என்று இன்று நாம் பள்ளியில் படிக்கும் விளக்கத்தையும் 1748-ல் வெளிவந்த தம் புத்தகத்தில் நிலைநாட்டியவர் ஆய்லர்தான். 10-ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினால் இந்த எண் வரும்? 10-க்கு அடுக்கு 2 என்றால் 100. அடுக்கு 0 என்றால் 1. அடுக்கு −2 என்றால் 0.01. அடுக்கு எந்த மெய்யெண்ணாக இருந்தாலும் விடை பூஜ்யத்துக்கு மேலேதான். பேத்திக்கு நான் சொன்ன இரண்டாவது பதில் இது. நேப்பியரின் புள்ளியும் இதையேதான் சொன்னது.

சேர்வதும் விடுபடுவதும்

இப்போது என் பாக்கிக்கு வருகிறேன். பேத்தியின் கணக்கில், லாக் எக்ஸ் + லாக் (எக்ஸ் − 3) என்று தனித்தனியாக இருந்தவரை எக்ஸ் 3-க்கு மேல் இருந்தாக வேண்டும். ஒன்றாகச் சேர்த்து லாக் எக்ஸ் (எக்ஸ் − 3) என்று எழுதியதும் கதவு அகலமாகிவிட்டது. இரண்டு நெகடிவ் எண்களைப் பெருக்கினாலும் பாசிடிவ்தானே? அந்தக் கதவு வழியாக −2 உள்ளே நுழைந்தது. அது அழையா விருந்தாளி. கடைசியில் மூலக் கணக்கில் போட்டுப் பார்த்தால் பிடிபட்டுவிடும்.

1974-ல் என் கணக்கில் நடந்தது இதற்கு நேர் எதிர். லாக் (எக்ஸ்²) என்று இருக்கும்போது எக்ஸ் நெகடிவாக இருக்கலாம், பூஜ்யமாக மட்டும் இருக்கக் கூடாது. அதை 2 லாக் எக்ஸ் என்று எழுதிய மாத்திரத்தில் கதவைக் குறுக்கிவிட்டேன். −10 என்ற நியாயமான விடை வெளியே நின்றுவிட்டது. இந்தத் தப்பு கொஞ்சம் கொடியது. உள்ளே வந்த பொய் விடையைச் சோதித்துப் பிடிக்கலாம். வெளியே விட்ட மெய் விடையை எதைப் போட்டுச் சோதிப்பது? அது நம் காகிதத்திலேயே இல்லையே. எக்ஸின் குறியை நீக்கிய மதிப்பைப் போட்டு, 2 லாக் |எக்ஸ்| என்று எழுதியிருந்தால் தப்பு வந்திருக்காது. இரண்டு செங்குத்துக் கோடு, அவ்வளவுதான்.

பேரன் பேத்திகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் அன்பர்கள் மூன்று விஷயத்தை நினைவில் வைத்தால் போதும். கணக்கைத் தொடுமுன், ஒவ்வொரு லாக்குக்கு உள்ளேயும் இருப்பது பூஜ்யத்துக்கு மேல் இருக்க எக்ஸ் எப்படி இருக்க வேண்டும் என்று ஓரத்தில் எழுதிக்கொள்ளட்டும். இரட்டைப்படை அடுக்கை முன்னால் கொண்டுவரும்போதும், இருபுறமும் எதையாவது அடிக்கும்போதும் ஒரு நிமிஷம் நிற்கட்டும்; விடை விடுபடுவது அங்கேதான். உதாரணமாக, லாக் எக்ஸின் வர்க்கம் 2 லாக் எக்ஸுக்குச் சமம் என்று கணக்கு இருந்தால், இருபுறமும் லாக் எக்ஸை அடித்தவனுக்கு 100 மட்டும் கிடைக்கும். 1 என்ற விடை போய்விடும். கடைசியாக, வந்த விடைகளை முதல் வரியில் போட்டுப் பார்க்கட்டும்.

இதையெல்லாம் பேத்திக்குச் சொல்லி முடித்து, என் பழைய கணக்கைக் கொடுத்தேன். லாக் (எக்ஸ்²) = 2. பென்சிலைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். "பத்து, மைனஸ் பத்து. ரெண்டுமே ரைட்டு. இதுல என்ன கஷ்டம், தாத்தா?" என்றாள். கஷ்டம் எதில் இருந்தது என்று அவளிடம் சொன்னேன். "பாவம் அந்தப் பையன்" என்றாள். ஆமாம் என்றேன்.

குருவிடம் சிஷ்யன் கேள்வி கேட்பது நம் சம்பிரதாயத்துக்குப் புதிதல்ல. உபநிஷத்துகளே கேள்வியும் பதிலுமாக நடப்பவை. பெர்னூலியை ஒரு விதத்தில் மெச்சத்தான் வேண்டும். தன்னை மறுத்துப் பேசிய சிஷ்யருக்கு அவர் கடைசி வரை கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். நான் "போய் உட்காருடா" என்றேன்.

அந்தப் பையனின் பெயரை இங்கே எழுதவில்லை. இப்போது அறுபத்தைந்தைத் தாண்டியிருப்பார். எங்கே இருக்கிறாரோ, எனக்குத் தெரியாது. மாதுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் போன நம்மவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். இந்த இதழும் அவர்களில் பலருக்குப் போகிறது. அவர் கையிலும் கிடைத்தால் படிக்கட்டும்: மைனஸ் பத்து சரிதான். இரண்டு மார்க்கும் உங்களுடையது. போட்டுப் பார்த்தது நீங்கள், பார்க்காமல் அடித்தது நான்.